தூத்துக்குடிக்காரி

திருவனந்தபுரத்துக்குப் படிக்க வந்து ஒன்றரை வருஷம் ஆகியும் ஜெனிற்றாவால் ஓரிடத்தில் நிலையாக உட்கார முடியவில்லை. முதலில் காரியவட்டத்தில் பல்கலைக்கழக விடுதி. அறையிலிருந்த மற்ற இரண்டு பெண்களும் நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் மலையாளத்தில் ஏதோ சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றும். அடுத்தது கழக்கூட்டத்தில் நாலு பேர் சேர்ந்து எடுத்த வீடு. வெளிநாட்டுப் பெண் தங்கினால் வீட்டுக்காரர் அதற்கென்று ஒரு படிவம் நிரப்பி அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிந்ததும், நமக்கெதற்கு வம்பு என்று ஒரே வாரத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கடைசியாக வந்து சேர்ந்தது கரமனையில் பகவதிப்பெருமாள் வீட்டு மாடி அறை.

பகவதிப்பெருமாள் சாலைக் கம்போளச் சந்தையில் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நாகர்கோவில் பக்கத்துக்காரர். படிவம் என்றதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பாரமா? அதுக்கென்ன, கொண்டா. முப்பத்தஞ்சு வருஷம் பாரம் பூர்த்தி பண்ணினவனாக்கும் நான்" என்றார்.

அவர் மனைவி உலகம்மைக்கு ஜெனிற்றாவின் தமிழ் முதலில் பெரிய வேடிக்கையாக இருந்தது. "கதைக்கிறன்" என்றால், "என்ன கதை, எனக்கும் சொல்லு" என்பாள். வந்த புதிதில் ஒருநாள் ஜெனிற்றா மூலைக்கடையில் போய் "பாண் இருக்கா?" என்று கேட்க, கடைக்காரர் வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவத் தொடங்கினார். ரொட்டி வாங்கப் போனவள் ரொட்டி வாங்காமலே திரும்பினாள். இன்னொரு நாள் காய்ச்சலில் கிடந்தபோது உலகம்மை வாசலில் நின்று, "ஏன் பிள்ளே சாப்பிட வரல்ல?" என்று கேட்டாள். "எனக்கு வருத்தம் அம்மா" என்றாள் ஜெனிற்றா. அவள் ஊரில் வருத்தம் என்றால் நோய். உலகம்மை அதை மனக்கஷ்டம் என்று எடுத்துக்கொண்டாள். "இருக்கும், இருக்கும். அம்மையக் காணணும்னு தோணும். கொஞ்ச நேரம் தனியா இரி" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனாள். சாயங்காலம் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அலறியடித்துக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

இதெல்லாம் சொல்லிச் சிரிக்கக்கூடிய கதைகள்தான். ஆனால் ஜெனிற்றாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே எல்லாம் அவள் ஊரைப் போலவே இருந்தது. புட்டு, இடியப்பம், தேங்காய், சிவப்பரிசிச் சோறு, தேவாலய மணி, கடற்காற்று. அதுதான் அவளைப் படுத்தியது. முற்றிலும் வேறாக இருந்தால் பழகிக்கொள்ளலாம். ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் ஒவ்வொரு நாளும் ஏதோ ஓரிடத்தில் கால் இடறியது. அறையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் எழுந்து நடப்பாள். கரமனையிலிருந்து பழவங்காடிக் கோவில் வரைக்கும் வேலையில்லாமலே நடப்பாள். தேங்காய் உடைக்கிற கூட்டத்தின் ஓரத்தில் சற்று நின்றுவிட்டு, வந்த வழியே திரும்புவாள். மன்னாரிலிருந்து அம்மா கூப்பிட்டு, "அங்க பழகீட்டுதா பிள்ளை?" என்று கேட்டால், "ஓம் அம்மா, பழகீட்டுது" என்பாள்.

அதுதான் அவள் சொன்ன முதல் பொய். இரண்டாவது பொய்யை விழிஞ்ஞத்தில் சொன்னாள்.

மீன்வளப் படிப்பின் கடைசி வருஷத்தில் அவள் ஒரு சிறு ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. கரைக்கு வரும் சாளை மீனை வாரம் இரண்டு நாள் வாங்கி, நீளமும் எடையும் பார்த்து, வயிற்றைக் கீறி உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். விடிந்ததும் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் ஏலம் முடிவதற்குள் விழிஞ்ஞம் துறைக்குப் போய்விடலாம். முதல் நாளே அவளை ஒரு பெண் மறித்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் அலுமினியச் சருவம், தலையில் சும்மாடு.

"எவிடத்துப் பிள்ளையாக்கும் நீ?"

இலங்கை என்று சொன்னால் அடுத்து என்னென்ன கேள்வி வரும் என்று ஜெனிற்றாவுக்கு ஒரு வருஷத்தில் மனப்பாடம். படகில் வந்தாயா, முகாமில் இருந்தாயா, உங்கள் ஆட்களில் யாராவது இயக்கத்தில் இருந்தார்களா, எப்போது திரும்பிப் போவாய். அன்று அவளுக்குக் களைப்பாக இருந்தது.

"தூத்துக்குடி" என்றாள்.

"பேரு?"

"ஜெனிற்றா குரூஸ்."

"குரூஸா! பின்ன தூத்துக்குடியேதான். அங்க பாதிப்பேரும் குரூஸ் அல்லியோ" என்று அந்தப் பெண் சிரித்தாள். "எனக்க பேரு எலிசாள். பொறந்த வீடு தூத்தூரு. கெட்டிக் குடுத்தது இங்க. தமிழ் மிண்டிப் பேச எனக்கொரு ஆளு கிட்டிச்சு."

எலிசாள் ஏலத்தில் மீன் எடுத்து நகரத்துச் சந்தையில் விற்கிறவள். மகன் வினீத் கடலுக்குப் போகிறான். அன்றிலிருந்து ஜெனிற்றாவுக்குத் துறையில் ஓர் இடம் கிடைத்தது. அவளுக்கு வேண்டிய மீனை எலிசாளே தேர்ந்து ஒதுக்கி வைப்பாள். ஏலக்காரர் கூச்சலிட்டால், "எனக்க மக்ளாக்கும், படிக்கிய பிள்ளை" என்று அதட்டுவாள். தேநீர்க் கடையில் உட்கார வைத்துக் கட்டன் சாயா வாங்கிக் கொடுப்பாள். ஜெனிற்றா ஓம் என்று வருகிற வாயை அடக்கி ஆமா என்று சொல்லப் பழகினாள். தூத்துக்குடி எப்படி இருக்கும் என்று கைபேசியில் பார்த்து வைத்துக்கொண்டாள். பேருந்து நிலையம், துறைமுகச் சாலை, மாதா கோவில். நான்கு மாதத்தில் அந்தப் பொய் தன்பாட்டில் வளர்ந்துவிட்டது.

கிறிஸ்மஸ் முடிந்த வாரம் எலிசாள் சொன்னாள்: "மக்ளே, ஒங்க ஊரு பனிமய மாதாவுக்கு எனக்கொரு நேர்ச்சை உண்டு. எனக்க அண்ணன் ஓகிப் புயல்ல போனானே, அவன் பேருக்கு. ஆகஸ்டு மாசம் திருநாளுக்குப் போணும். ஒனக்க வீட்டுல ஒரு நாளு கிடக்க இடம் தருவியா?"

"வாங்க" என்றாள் ஜெனிற்றா. ஆகஸ்டுக்கு முன்னால் படிப்பு முடிந்து போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜனவரி மாதம், ஒரு புதன்கிழமை காலை. அவள் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏலம் நின்றிருந்தது. எல்லாரும் அலைத்தடுப்புச் சுவர்ப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். வினீத்தின் வள்ளம் ஒரு நீலப் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தது. இந்தக் கரையில் காணாத வடிவம். பக்கவாட்டில் வளைந்த எழுத்துகள்.

"தெலுங்காக்கும்" என்றார் ஒருவர்.

"தெலுங்கு இப்படியா இருக்கும்? இது கன்னடம்" என்றார் இன்னொருவர்.

ஜெனிற்றாவின் கண் அந்த எழுத்தைத் தானாக வாசித்தது. சுப கமன். நல்ல பயணம். சிங்களம்.

படகிலிருந்து மூன்று பேரை இறக்கிக் கிடத்தினார்கள். இரண்டு பேருக்கு நினைவில்லை. மூன்றாவது ஆளுக்கு முப்பது வயது இருக்கும். உதடு வெடித்து, முகத்தில் தோல் உரிந்து, கண் மட்டும் உயிரோடு இருந்தது. அவன் கடலைக் காட்டிக் காட்டி ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"மல்லி... மகே மல்லி... மல்லி..."

"மல்லியா? மல்லி கேக்கான் பாவம்" என்றாள் எலிசாள். "சுக்கும் மல்லியும் இட்ட காப்பியாக்கும் கேக்கான். தண்ணி இல்லாம கெடந்தவனுக்கு அது நல்லது." அவள் தேநீர்க் கடைக்கு ஓடி, கொத்துமல்லி இடித்துப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆற்றி, ஒரு குவளையில் கொண்டுவந்து அவன் வாயருகே பிடித்தாள். அவன் ஒரு மிடறு குடித்தான். பிறகு குவளையைத் தட்டிவிட்டுவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "மல்லி! மல்லி!"

"சூடு கூடிப்போச்சு போல" என்றாள் எலிசாள்.

ஜெனிற்றா கூட்டத்தின் மூன்றாவது வரிசையில் நின்றாள். முதல் தடவை கேட்டபோதே அவளுக்கு விளங்கிவிட்டது. மல்லி என்றால் தம்பி. என் தம்பி, என் தம்பி என்று அவன் கடலைக் காட்டுகிறான். கடலில் இன்னும் ஒருவன் இருக்கிறான்.

அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கடலோரக் காவல்துறையின் ஜீப் வந்து நின்றது. ஜெனிற்றாவின் கடவுச்சீட்டு கரமனையில் பெட்டிக்குள் இருந்தது. சிங்களம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நீ யார் என்று கேட்பார்கள். எலிசாளின் முன்னால் கேட்பார்கள். சின்ன வயதில் மன்னார்ப் பாலத்துச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, அம்மாவின் கையைப் பிடித்தபடி, துப்பாக்கிகளுக்கு நடுவே சொல்லிக்கொடுத்த சிங்கள வார்த்தைகளை ஒப்பித்தது அவள் நினைவுக்கு வந்தது. சிங்களம் தெரிந்த யாரையாவது இவர்கள் எப்படியும் அழைத்து வருவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பின்வாங்கினாள். திரும்பிப் பார்க்காமல் மேட்டில் ஏறி, பேருந்து நிலையத்துக்குப் போய், நின்றிருந்த பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

பஸ் உடனே புறப்படவில்லை. ஓட்டுநர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். ஜன்னல் வழியே புதுத் துறைமுகத்தின் உயரமான கிரேன்கள் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் கடல், ஒரு சுருக்கம்கூட இல்லாமல். இருபத்தைந்து நிமிஷம் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இறங்க வேண்டும் என்று நினைப்பாள். பையைத் தோளில் மாட்டுவாள். மறுபடி கழற்றி மடியில் வைப்பாள். யாரையாவது அழைத்து வந்திருப்பார்கள், இந்நேரம் தெரிந்திருக்கும். பஸ் புறப்பட்டது. நடத்துநர் வந்து, "எங்கோட்டு?" என்று கேட்டார்.

கிழக்கேகோட்டை என்று சொல்ல வேண்டும். நடத்துநர் மறுபடி கேட்டார். அவள் எழுந்து நின்றாள்.

"நிப்பாட்டுங்கோ. நான் இறங்கவேணும்" என்று தன் ஊர்த் தமிழிலேயே கத்தினாள்.

முக்கோலாவில் இறங்கி ஆட்டோ பிடித்துத் திரும்பினாள். துறைக்குள் ஓடும்போது கைபேசியைப் பார்த்தாள். அவள் போய் நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

யாரையும் அழைத்து வந்திருக்கவில்லை. நினைவில்லாத இரண்டு பேரையும் ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள். மூன்றாவது ஆள் ஏற மறுத்து, கயிறு கட்டும் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான். இரண்டு போலீஸ்காரர்கள் அவனைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெனிற்றா அவர்களை விலக்கிக்கொண்டு போய் மண்டியிட்டாள்.

"மல்லி கோ?" என்று கேட்டாள். தம்பி எங்கே?

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவ்வளவு வாடிப்போன கையில் அவ்வளவு பிடி இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. அவன் மூச்சு விடாமல் சொல்லச் சொல்ல, கூட்டம் அமைதியானது. அவன் பெயர் லலித். சிலாபத்துக்காரன். இயந்திரம் பழுதாகிப் பதினோரு நாள். முந்தின நாள் ஒரு கப்பல் தூரத்தில் போனது. அவன் தம்பி ருவன் காலி கான்களைச் சேர்த்துக் கட்டி, சட்டையைக் கொடியாகப் பிடித்துக்கொண்டு அதை நோக்கிப் போனான். இடுப்பில் கட்டியிருந்த கயிறு அறுந்துவிட்டது.

ஜெனிற்றா போலீஸ்காரரிடம் திரும்பினாள். "சாரே, ஒராள்கூடி உண்டு. கடலில்..." அதற்கு மேல் மலையாளம் வரவில்லை. எலிசாளைப் பார்த்துத் தமிழில் கொட்டினாள்.

"இன்னும் ஒராள் கடலுக்க கிடக்கிறான் அக்கா! இவரின்ர தம்பி. நேற்றுப் பின்னேரம் கானெல்லாம் கட்டி மிதந்து போனவனாம்."

"கானா? என்னது?"

"பிளாஸ்ரிக் கான். எண்ணெய் கொண்டு போறது."

"கன்னாஸ்! எப்பம்? வைகிட்டா?"

"நாலு மணி இருக்குமாம். வெயில் சரிஞ்ச பக்கமாப் போனவனாம். அந்த நேரம் படகில நிண்டு பாக்க இந்தக் கிரேனுகள் சின்னனாத் தெரிஞ்சதாம்."

எலிசாள் ஒரு கணம் அவளையே பார்த்தாள். அந்தத் தமிழைக் கேட்டுவிட்டாள். "நீ எவிடத்துக்காரி?" என்றாள், மெதுவாக.

"மன்னார். இலங்கை."

எலிசாள் திரும்பி, துறை முழுவதும் கேட்கும்படி மகனைக் கூவினாள். "வினீதே! ஒருத்தன் கூட கெடக்கான்டா! வள்ளத்த எடு!" அதிகாரி கம்பியில்லாக் கருவியில் பேசி முடிப்பதற்குள் ஏழு வள்ளங்கள் புறப்பட்டுவிட்டன. அவற்றின் பின்னால் ரோந்துக் கப்பலும் போனது.

அதன் பிறகு காத்திருப்புதான். லலித்தை எப்படியோ பேசி ஆம்புலன்சில் ஏற்றினாள் ஜெனிற்றா. போலீஸ்காரர் அவள் பெயர், முகவரி, கடவுச்சீட்டு எண் எல்லாம் கேட்டு எழுதினார். கடவுச்சீட்டைக் கொண்டு வரும்படி உலகம்மையைத் தொலைபேசியில் கேட்டாள். சுவர் நிழலில் உட்கார்ந்தாள், எழுந்தாள், சுவரின் முனை வரைக்கும் நடந்தாள், திரும்பினாள். உச்சி வெயிலில் எலிசாள் அவள் எதிரே வந்து நின்றாள்.

"காலத்தெ நீ இங்க நின்னே. நான் கண்டேன். பிறவு காணல்ல. எங்க போனே?"

"பஸ்ஸில ஏறினனான்."

"அவன் சொன்னது ஒனக்கு அப்பமே வெளங்கிச்சா?"

இல்லை என்று சொல்லலாம். நான் ஏதோ யோசனையில் இருந்தேன், பிறகுதான் புரிந்தது என்று சொல்லலாம். நம்பிவிடுவாள்.

"ஓம்" என்றாள் ஜெனிற்றா.

எலிசாளின் முகத்தில் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் தாங்கியிருக்கலாம். அவள் சருவத்தை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் ஐந்தே காலுக்கு வினீத்திடமிருந்து தொலைபேசி வந்தது. கரையிலிருந்து பதினாறு கடல் மைல் தள்ளி, பூந்துறைக்கு நேர் மேற்கே, கான்களின் மேல் குப்புறக் கிடந்தானாம். கையைக் கயிற்றோடு சேர்த்துக் கட்டியிருந்தானாம். உயிர் இருக்கிறது என்று வினீத் சொன்னதும் துறையே கத்தியது. ஜெனிற்றா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். அருகில் யாரோ ஒரு பெண் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அது எலிசாள் இல்லை.

அடுத்த ஒரு வாரமும் அவள் வகுப்புக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் மருத்துவர்களுக்கும் நான்கு பேருக்கும் நடுவே பேச அவளை விட்டால் ஆள் இல்லை. ருவனுக்குச் சிறுநீரகம் பழுதாகும் நிலைக்குப் போய், மூன்றாம் நாள்தான் தேறியது. கண் திறந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, கப்பல் நின்றதா என்பது. இல்லை என்று சொன்னாள். தெரியும் என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனான்.

லலித் தேறியதும் நிறையப் பேசினான். ஒருநாள் அவளிடம், நீ மன்னாரில் எந்த இடம் என்று கேட்டான்.

"பேசாலை" என்றாள்.

அவன் கட்டிலின் விளிம்பைப் பார்த்தபடி, "நாங்கள் சீசனுக்கு அங்கே வந்து கரையில் வாடி போட்டுத் தங்கி மீன் பிடிப்போம்" என்று சிங்களத்தில் சொன்னான். "உங்கள் ஊர்க்காரர்கள் எங்களைப் போகச் சொல்லி ஊர்வலம் போனார்கள்."

"அந்த ஊர்வலத்தில் முன்னால் நடந்தது என் அப்பாதான்" என்றாள் அவள். சொல்லும்போது கோபம் வந்தது. அந்தச் சீசன்களில் அப்பா வெறும் வலையோடு திரும்பி வந்து, பேசாமல் சாப்பாட்டைத் தள்ளிவைத்தது நினைவுக்கு வந்தது. "உங்கட ஆக்களால எங்களுக்கு ரெண்டு வருஷம் மீனே இல்லை" என்று தமிழில் சொன்னாள். அவனுக்குப் புரியாது என்று தெரிந்தே சொன்னாள். அவன் புரிந்தவனைப் போலத் தலையைக் குனிந்தான். பிறகு மருத்துவர் வந்தார். அவன் எங்கே வலிக்கிறது என்று சொன்னதை அவள் மொழிபெயர்த்தாள்.

அந்த வாரமே வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்திலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. பகவதிப்பெருமாள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, ஒரு தடித்த கோப்பையும் எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். அதில் அவர் நிரப்பிய படிவம், வாடகைப் பத்திரம், பல்கலைக்கழகக் கடிதம், பத்திரிகையில் வந்த செய்தியின் வெட்டு எல்லாம் தேதி வாரியாக அடுக்கியிருந்தன. அதிகாரி ஒரு பெண். பொறுமையாக இரண்டு மணி நேரம் கேட்டார். நீ ஏன் துறைக்குப் போனாய், யார் அனுமதி, அந்த நான்கு பேரில் யாரையாவது முன்பே தெரியுமா. ஜெனிற்றா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில் அதிகாரி, "தூத்துக்குடி என்று ஏன் சொன்னாய்?" என்று கேட்டார். அதையும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"கேள்வி கேட்பார்கள் என்று பயந்து" என்றாள்.

அதிகாரி லேசாகச் சிரித்தார். "இப்போது எத்தனை கேள்வி!" என்றார். எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும் பகவதிப்பெருமாள் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஒரு கடுதாசியக் கூடக் குறை சொல்ல முடிஞ்சுதா பாத்தியா?" என்றார். அவருக்கு அதுதான் பெரிது. ஜெனிற்றா ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக அந்த ஊரில் வாய்விட்டுச் சிரித்தாள்.

பிப்ரவரி முதல் வாரம் நான்கு பேரும் ஊருக்குப் போனார்கள். ஆய்வுக்காக அவள் மறுபடி துறைக்குப் போகத் தொடங்கினாள். துறையில் பலர் அவளிடம் பேசினார்கள். வினீத் தூரத்திலிருந்து கை காட்டினான். எலிசாள் மட்டும் பேசவில்லை. மீனை ஒதுக்கி வைப்பதும் நின்றுவிட்டது. ஜெனிற்றா ஏலத்தில் மற்றவர்களோடு முண்டியடித்துத் தனக்கு வேண்டியதை வாங்கினாள். போகும்போதெல்லாம் எலிசாளின் பக்கம் ஒரு தடவை நின்று பார்ப்பாள். எலிசாள் ஈ ஓட்டிக்கொண்டு கடலைப் பார்ப்பாள். இப்படி ஐந்து வாரம்.

வீட்டில் அவள் நடை இன்னும் கூடிவிட்டது. மாடியில் இரவும் பகலும் காலடிச் சத்தம் கேட்கிறது என்று உலகம்மை குறைப்பட்டாள். "போய் அவ காலில விழு. இல்லேன்னா விட்டுத் தொலை. ரெண்டுமில்லாம நீ நடந்தா எனக்க வீட்டுத் தளம் தேஞ்சு போவும்" என்றாள்.

மார்ச் மாதம் ஒரு காலையில் ஏலம் முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. எலிசாள் தனியாகச் சருவத்தில் மீனுக்கு மேல் ஐஸ் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜெனிற்றா நேரே போய் எதிரில் குந்தினாள்.

"அக்கா, நான் பொய் சொன்னது பிழை. அண்டைக்கு நான் போனது அதைவிடப் பெரிய பிழை. பயந்திட்டன். வேற ஒண்டும் சொல்ல எனக்கு இல்லை."

எலிசாள் ஐஸ் உடைப்பதை நிறுத்தவில்லை. தலையைத் தூக்காமலே பேசினாள்.

"ஓகி அடிச்சப்போ எனக்க அண்ணன் கூட போன வள்ளம் ரெண்டு திரும்பி வந்துது. அவனுவ கண்டானுவ, அண்ணனுக்க வள்ளம் மறியுறத. திரும்பிப் போயிப் பிடிக்கல்ல. பயந்துட்டோம் எலிசாளே, காத்து அப்படி இருந்துதுன்னு வந்து சொன்னானுவ. பொய்யில்ல. அந்தக் காத்துல யாரும் பயப்படுவான். எனக்குத் தெரியும். இருந்தும் அவனுவகிட்ட நான் மிண்டதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு."

"ஓம்" என்றாள் ஜெனிற்றா.

"ஒனக்கு ரெண்டு வருஷம் இல்ல. ஜூன் மாசம் படிப்பு முடிஞ்சு நீ போயிருவே. நான் அவ்வளவு நாளு பிடிச்சு வச்சா, பிறவு யாருகிட்ட மிண்ட?" எலிசாள் இப்போதுதான் நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. குரலில் இன்னும் முழுதாகச் சமாதானம் இல்லை. "அதுனால இப்பமே மிண்டுதேன். மறந்துட்டேன்னு நினைக்காத."

"நினைக்கேல்ல அக்கா."

"அந்தப் பையன் ஊருல சொகமா இருக்கானா?"

"போன கிழமை ஃபோன் எடுத்தவன். திரும்பக் கடலுக்குப் போறானாம்."

"போவான். போகாம என்ன செய்வான்" என்றாள் எலிசாள். சாக்கை எடுத்து மீனை மூடினாள். வழக்கமாகச் சருவத்தைத் தூக்கிவிடுகிற பெண்கள் அன்று முன்பே கிளம்பிப் போயிருந்தார்கள். வண்டி மேட்டுக்கு மேலே நின்றது.

"என்ன பாத்துக்கிட்டு இருக்கே? அந்தப் பக்கம் பிடி" என்றாள்.

ஜெனிற்றா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு விளிம்பைப் பிடித்தாள். ஐஸ் தண்ணீர் வழிந்து அவள் செருப்பை நனைத்தது. சருவம் அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இரண்டு இடத்தில் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கி, இருவரும் மேட்டில் ஏறினார்கள்.